பதிமூன்று கிலோமீட்டர் மதில்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். ஊரைத் தாண்டியதும் சாலை பழைய வெளிமதிலை அறுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் சற்றுத் தள்ளி ராஜகிரி. இரண்டையும் பார்த்து முடிப்பதற்குள் பேருந்து மறுபக்கத்து மதில் வழியாக வெளியே வந்துவிடும். பௌர்ணமிக் கிரிவலத்துக்குப் போகும் கூட்டம் அந்நேரம் தூங்கி வழியும். நான் மட்டும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவேன். வேலையில் இருந்த காலமெல்லாம் எனக்குச் செஞ்சி என்றால் அந்தச் சன்னலோரக் காட்சிதான்.

அரசு நெல் கிடங்குகளில் இருப்புக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ரிட்டையர் ஆனதும் சேர்ந்து போகலாம் என்று சொல்லிவைத்த நண்பர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்குப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடும் வேலை. வீட்டில் கேட்டேன். "கொரங்குக் கூட்டத்துக்கு நடுவுல கல்லும் முள்ளும் பாக்க நான் எதுக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்று பதில் வந்தது. புரட்டாசியில், வெயில் கொஞ்சம் தணிந்திருந்த ஒரு வாரத்தில், தனியாகக் கிளம்பினேன்.

புதுச்சேரி வாசல் பக்கம் முதலில் கண்ணில் பட்டது சாதத்துல்லா கான் பள்ளிவாசல். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், தேசிங்கு ராஜனை வென்ற பிறகு 1717-18 வாக்கில் எழுப்பியது. அளவான, அழகான கட்டடம். நான் இருந்த நேரத்தில் அங்கே ஓர் ஆள் நிற்கவில்லை. ஊருக்குள்ளேயோ கடைப் பலகையில் தேசிங்கு, ஆட்டோவின் முதுகில் தேசிங்கு. ஜெயித்தவர் பெயரைத் தொல்லியல் துறையின் பலகைதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து பக்கம்தான் வெங்கடரமணர் கோயில். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் முத்தியாலு நாயக்கர் கட்டியது என்கிறார்கள். கோபுர வாசலின் உட்சுவர்களில் வரிசை வரிசையாக ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடையும் காட்சியும். வாசுகியின் உடம்பைப் பிடித்து இழுக்கும் அசுரர்களின் புஜங்கள்கூடத் தேயாமல் இருக்கின்றன. கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால்தான் வெறுமை தெரிகிறது. மண்டபங்களில் நல்ல தூண்கள் இருந்திருக்க வேண்டிய இடங்களில் இடைவெளி. ஒற்றைக்கல்லால் ஆன உயரமான தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே சிலையைச் சுற்றி நிறுத்திய அந்தத் தூண்கள்தாம் இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. சுண்டல் பொட்டலத்தோடு அவற்றில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஆயிரம் பேரில் ஒருவருக்காவது வெங்கடரமணர் நினைவு வருமா என்பது சந்தேகம். எனக்கே அதுவரை வந்ததில்லை.

பத்துப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதைகளை விட்டுவிட்டால், செஞ்சியை ஓர் ஊராக ஆக்கியவர்கள் நாயக்கர்கள். ஆயர்குலத்து ஆனந்தக் கோன் முதல் அரண் கட்டினார், அவருக்குப்பின் வந்த கிருஷ்ணக் கோன் பெயரால் கிருஷ்ணகிரி என்று ஒரு மரபு உண்டு. ஆனால் கண்ணில் படும் கோயில், குளம், களஞ்சியம், மண்டபம் பெரும்பாலும் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர் காலத்தவை. 1597இல் இங்கே வந்த நிக்கோலாஸ் பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தான் பார்த்த ஊர்களில் இதுதான் பெரிது, போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடான ஊர் இல்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். அதே ஆண்டில் சிதம்பரத்தில் கோவிந்தராஜப் பெருமாள் சன்னிதித் திருப்பணியை அவர் பிடிவாதமாக நடத்த, எதிர்த்த தீட்சிதர்களில் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதையும் பிமெண்டாதான் எழுதிவைத்தார். லிஸ்பனோடு ஒப்பிடப்பட்ட ஊரின் தெருக்கள் இருந்த இடத்தில் இப்போது சப்பாத்திக் கள்ளியும் சீத்தாப்பழப் புதரும் மண்டிக் கிடக்கின்றன. பாறைமேல் கட்டியது நிற்கிறது. மண்ணில் கட்டிய வீடுகள், கடைத்தெரு எதுவும் மிச்சமில்லை.

கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பீரங்கியைத் தேடிப் போவார்கள். என் கால் தானாகவே களஞ்சியத்துக்குப் போனது. ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அதிக தூரமில்லாமல் நிற்கிறது. வளைந்த கூரை, தடித்த சுவர். உள்ளே காலடி வைத்ததும் வெளியிலிருந்த வெக்கை சட்டென்று விட்டது. முதலில் மூக்கில் ஏறியது வௌவால் நாற்றம். கண் பழகிய பிறகு சுவரைத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்புச் சாந்து உரிந்த இடங்களில் கருங்கல்லும் செங்கல்லும். உரியாத இடத்தில் சாந்து இன்னும் வழவழப்பாக, எலி நகம் பற்ற வழியில்லாமல் இருக்கிறது. நாங்கள் நெல்லை மூட்டையாக அட்டி போட்டவர்கள். அடியில் கட்டை பரப்பி, சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்க இடம்விட்டு, மேலே தார்ப்பாய். அப்படியும் வண்டு வரும், மூட்டை வேர்க்கும், ஆண்டுக் கடைசியில் கழிவுக் கணக்கில் கையெழுத்துப் போடும்போது வயிற்றைக் கலக்கும். இங்கே மூட்டை கிடையாது. நெல்லாகவே கொட்டி நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிவைக்கும் ஏற்பாடு. கூரை வளைந்திருப்பதால் மழை நிற்காது, சுவர் தடித்திருப்பதால் பகல் சூடு உள்ளே இறங்காது. இதற்கும் ஒரு கணக்குப்பிள்ளை இருந்திருப்பான். எத்தனை கலம் வந்தது, எத்தனை கலம் போனது என்று ஓலையில் எழுதிவைத்துவிட்டு, தளபதி நம்பாமல் அளக்கச் சொன்னபோது மரக்காலைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். அவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கல்யாண மகால் எல்லாப் படங்களிலும் வருவது. சதுரமான முற்றம், நடுவே குளம், சுற்றிலும் வளைவுகள் வைத்த அறைகள், அடுக்கடுக்காகக் கூம்பி உயரும் கோபுரம். நான் பார்த்தது அதன் தண்ணீர் வழியை. மேலே மலையடியில் சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று இரண்டு குளங்கள். அங்கிருந்து சுடுமண் குழாய்களில் தண்ணீரை இறக்கி மகாலுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். மோட்டார் கிடையாது, வாட்டம்தான் எல்லாம். ராஜகிரி உச்சியில் ஊற்றும் சுனைகளும் தனியாக உண்டு. ஒரு முற்றுகையில் மதில் எவ்வளவு உயரம் என்பது முதல் வாரத்துக்குத்தான் கேள்வி. பிறகு தண்ணீரும் நெல்லும்தான். செட்டிக்குளத்தங்கரையில் தேசிங்கை எரித்த இடம், அவர் மனைவி உடன்கட்டை ஏறிய இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். சக்கரக்குளத்தின் பக்கம் பாறைமேல் நிற்கும் ஒரு பெரிய உருண்டைக் கல்லின் குழிவைக் கைதிக் கிணறு என்கிறார்கள். மரண தண்டனை பெற்றவனை அதில் இறக்கிவிட்டுச் சோறு போடாமல் விட்டுவிடுவார்களாம். அதிலும் ஆயுதம் நெல்தான்.

ராஜகிரி ஏறும் இடத்தில் ஓர் அம்மா கூடையில் சீத்தாப்பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறிடுவீங்களா பெரியவரே? தண்ணி பாட்டில கையில வச்சிக்காதீங்க, பையில போட்டுக்கினு போங்க. கொரங்கு வாங்கிக்கும்."

"நீங்க மேல போயிருக்கீங்களாம்மா?"

"ஆடி மாசம் அம்மன் கோயில் வரிக்கும் போவோம். அதுக்கு மேல எதுக்கு? அது ராசா எடம்."

இந்த எல்லைக்கோட்டை ஏறும்போதே பார்க்கலாம். பாதி மலையில் கமலக்கண்ணி அம்மன் கோயில். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், எண்ணெய்ப் பிசுக்கு, வாசலில் பலிக்கல். அதுவரை படியில் மனிதக் கால்பட்ட வழவழப்பு இருக்கிறது. கோட்டையை ஆண்ட பீஜப்பூர்க்காரரும் மராட்டியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் வந்து போனார்கள். அம்மனுக்கு ஆடிக்கூழ் நின்றதாகத் தெரியவில்லை. அதைத் தாண்டினால் படிகள் உயர்கின்றன, வாசல்மேல் வாசல் வருகிறது. முழங்காலுக்கு மேல் உயரமான படிகளில் கையை ஊன்றித்தான் ஏறினேன். குரங்குகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து என் பையைக் கவனித்துக்கொண்டிருந்தன. இன்றைக்குக் கோட்டையில் காவல் குறையாத ஒரே படை அதுதான்.

உச்சிக்குச் சற்று முன் மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஏழெட்டு மீட்டர் அகலம், அதைவிட இரண்டு மடங்குக்குமேல் ஆழம். இயற்கையாக இருந்த பிளவைத் தேவைக்கேற்ப வெட்டிச் சீராக்கியிருக்கிறார்கள். அக்காலத்தில் அதன்மேல் எடுக்கக்கூடிய மரப்பாலம் இருந்தது. இப்போதைய பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். பாலத்தை இழுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை எந்தப் படையும் தொட முடியாது. பாலத்துக்கு அப்பால் இருட்டான வாசல், பிறகு திடீரென்று வெளிச்சம், உச்சி. ஒரு ரங்கநாதர் கோயில், ஒரு களஞ்சியம், ஒரு மணிக்கூண்டு, துருவேறிய நீண்ட பீரங்கி. சுமார் 240 மீட்டர் கீழே சாலை ஒரு நூலாகக் கிடக்க, மூன்று மலைகளையும் இணைத்து மதில் முக்கோணமாக ஓடுவது முழுதாகத் தெரிகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சில இடங்களில் 20 மீட்டர் தடிமன். பேருந்திலிருந்து பார்த்தவனுக்கு இந்த அளவு பிடிபட்டிருக்க வாய்ப்பே இல்லை.

மேலே உட்கார்ந்துதான் மொகலாயரின் எட்டாண்டு முற்றுகையை நினைத்துப் பார்த்தேன். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பீஜப்பூர்க்காரரிடமிருந்து பிடித்தார். மதிலைப் பலப்படுத்தினார், அகழி வெட்டினார். அப்போது அது தேவைக்கு மீறிய செலவாகத் தோன்றியிருக்கலாம். 1689இல், சம்பாஜி கொல்லப்பட்ட பிறகு, அவர் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து இதே மலையில் மராட்டிய அரசை வைத்தார். மறு ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் வந்து வளைத்தார். வளைத்தார் என்பது எழுதும்போது சுலபம். மேலேயிருந்து பார்த்தால் தெரியும், மூன்று மலைகளையும் 13 கிலோமீட்டர் மதிலையும் எந்தப் படையாலும் ஒரு நாளும் முழுக்க வளைக்க முடியாது. ஏதாவது ஒரு வாசல் வழியாகத் தானியம் போய்க்கொண்டே இருந்தது. பட்டினி கிடந்தவர்கள் வெளியே இருந்த மொகலாயர்கள். மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து வரத்தைத் துண்டித்ததும் முகாமில் பஞ்சம். உடன் வந்திருந்த பாதுஷாவின் மகன் காம் பக்ஷ் மராட்டியரோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று அவரையே காவலில் வைத்தார்கள். 1693 தொடக்கத்தில் ஜுல்பிகார் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பிறகு திரும்பி வந்தார். இவர் மனசு வைத்தால் கோட்டை எப்போதோ விழுந்திருக்கும், உள்ளே இருப்பவரோடு ஏதோ உடன்பாடு இருக்கிறது என்று பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மர்த்தேன் முதல் பலரும் சந்தேகப்பட்டார்கள். 1697 கடைசியில் ராஜாராம் தப்பிவிட்டார். 1698 தொடக்கத்தில் கோட்டை கைமாறியது.

அடிவாரத்தில் யுனெஸ்கோ விஷயத்தைப் பேசாதவர் இல்லை. 2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. சந்தோஷம்தான். ஆனால் மராட்டியர் இங்கே இருந்தது சுமார் இருபது வருடம். குளமும் களஞ்சியமும் கோயிலும் கட்டியவர்களின் பெயர் அந்தத் தலைப்பில் இல்லை. கிடங்கு கட்டியவனை விட்டுவிட்டு, பிறகு வந்து பூட்டு மாற்றியவன் பெயரில் ரசீது போட்ட மாதிரி எனக்குப் பட்டது.

எட்டு வருடம் தாக்குப்பிடித்த இதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில் பிடித்தது. விடிந்த பிறகு மேலே ஏறிப் பார்த்தவர்கள், இதை எப்படிப் பிடித்தோம் என்று தங்களுக்குள்ளேயே வியந்ததாகச் சொல்வார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு இருட்டில் நடந்த குழப்பத்தில் எந்தப் பக்கம் காப்பது என்றே தெரியவில்லை. அதன் பிறகு பிரெஞ்சுக்காரர் பத்தாண்டு வைத்திருந்தார்கள். சண்டையில் செத்ததைவிட இந்த இடத்தின் காய்ச்சலில் செத்தவர்கள்தாம் அதிகம். 1761இல் புதுச்சேரி விழுந்த பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களும் இங்கே அதிகம் தங்க ஆசைப்படவில்லை.

மறுநாள் காலை கிருஷ்ணகிரி. உயரம் குறைவு, படி நல்லபடி, கூட்டமும் இல்லை. மேலே ஒரு கொலு மண்டபம், கும்மட்டக் கூரையும் வளைவுகளுமாய்க் காற்றாட உட்காரத் தோதாக இருக்கிறது. எண்ணெயும் நெய்யும் நிரப்பிவைத்த தொட்டிகள் என்று இரண்டைக் காட்டினார்கள். எட்டிப் பார்த்தேன், மழைத்தண்ணீரும் பிளாஸ்டிக் புட்டியும் கிடந்தன.

அங்கிருந்து கடலி பக்கம் போனேன். ஊரார் செஞ்சியாறு என்று சொல்லும் சங்கராபரணி ஆறு. பெயருக்குக் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. 1714 அக்டோபர் 3ஆம் தேதி இங்கே பெருவெள்ளம். தேசிங்கு அதில் குதிரையை இறக்கிக் கரையேறி நவாபின் படையைச் சந்தித்தார்.

கதை தெரிந்ததுதான். ஔரங்கசீப்பின் காலத்தில் செஞ்சிக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, வந்த புந்தேல ராஜபுத்திரர் சொரூப் சிங் 1714இல் இறந்தார். மகன் தேஜ் சிங், நம் வாயில் தேசிங்கு, வந்து பொறுப்பேற்றார். அப்பா காலத்துப் பாக்கி 70 லட்சம் ரூபாய் என்று நவாப் கேட்டார். இவர் மறுத்தார். ஆண்டது பத்து மாதம், செத்தபோது வயது 22 என்பார்கள். நண்பன் மாபத்கானும் அதே போரில் விழுந்தான். தெருக்கூத்தும் கதைப்பாட்டும் அந்த ஒரு நாள் சண்டையைத்தான் இருநூறு வருடத்துக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கின்றன. 1960இல் எம்.ஜி.ஆர். படமும் வந்தது. பக்கத்தில் நீலாம்பூண்டியில் மாபத்கானுக்கும் குதிரைக்கும் சமாதி இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், சுண்ணாம்பு அடித்து. ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் எது குதிரை, எது ஆள் என்று கையைக் காட்டிச் சொன்னான். தினமும் கேட்கிறார்கள்போல.

இவ்வளவு பெரிய கோட்டையை வைத்துக்கொண்டு எதற்காக வெளியே போனான் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. வீரம் என்பார்கள், இளரத்தம் என்பார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில், கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேசிங்கிடம் இருந்தது 350 குதிரைவீரர் என்பது வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை. மதில் 13 கிலோமீட்டர். வரிசையாக நிறுத்தினால் 37 மீட்டருக்கு ஓர் ஆள். அவன் தூங்கக் கூடாது, சாப்பிடப் போகக் கூடாது, சாகவும் கூடாது. நாயக்கரும் சிவாஜியும் பெரிய படையை மனதில் வைத்துக் கட்டிய மதில் அது. ஆள் குறைந்தவனுக்கு அது அரண் இல்லை, பாரம். களஞ்சியம் நிறைய நெல் இருந்திருந்தாலும் அதைச் சுற்றிக் காவல் நிற்க ஆள் இல்லை. அந்த 22 வயதுப் பையன் கணக்குத் தெரியாமல் வெளியே போனான் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளே இருந்தால் எத்தனை நாள், வெளியே போனால் எத்தனை நாள் என்று பார்த்திருப்பான். பாட்டுக் கட்டியவர்களுக்கு இந்த வகுத்தல் கணக்கு வேண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்புமுன் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனேன். இங்கே எல்லோருக்கும் அது கமிட்டி. தமிழ்நாட்டில் நெல் வரத்துக்குப் பேர்போன கமிட்டிகளில் இது ஒன்று. சுற்றுவட்டாரத்து நெல் டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் வந்து இறங்கியபடி இருந்தது. கொட்டகை நிறைந்து, வெளியே களத்திலும் மூட்டை. வியாபாரிகள் சாக்கைக் குத்தி ஒரு கைப்பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்து விலை எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கும் கை பரபரத்தது. பக்கத்து மூட்டையில் நாலு நெல் எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தேன்.

மூட்டைமேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த சுமைக்காரர், "இன்னா சார், வாங்குறீங்களா?" என்றார்.

"இல்லப்பா. ஈரம் பதினேழு இருக்கும்போல."

"மெஷின்ல பதினஞ்சரைன்னு எழுதிட்டாங்க சார். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க, எங்க மாமாவோடது."